கயிறு மட்டும் போதுமா? - என் பழைய கட்டுரைக்கு நானே எழுதும் மறுப்பு

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் மெடெயின் நகரத்தின் கேபிள் கார் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். (எழுத்தைப் பார்த்து நம்மூரில் ‘மெடலின்’ என்கிறோம். கொலம்பியாக்காரர்கள் சொல்வது மெடெயினுக்குப் பக்கத்தில் வரும்.) உலகத்திலேயே கொலை மலிந்த ஊர், மலைச்சரிவில் இருந்த ஏழைக் குடியிருப்புகளுக்கு ரோப் கார் விட்டார்கள், ஊர் திருந்திவிட்டது. கட்டுரையின் சாரம் அவ்வளவுதான். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதையே ஒரு இருபது நிமிட உரையாகவும் பேசினேன். கைதட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

போன மாதம் அதே கதை மூன்று நிமிட வீடியோவாக எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் வந்தது. பச்சை மலை, செங்கல் வீடுகள், மேலே மிதக்கும் வெள்ளைப் பெட்டிகள், உருக்கமான இசை. கீழே ஒருவர், “நம்ம ஊருக்கும் இது வந்தா எல்லாம் சரியாயிடும்” என்று எழுதியிருந்தார். சந்தோஷமாக அதை எடுத்து சிவில் என்ஜினியரான என் கல்லூரி நண்பனுக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் போட்டான்: “சரிடா, ரியோவுல ஏன் சரியாகல?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ரியோவில் கேபிள் கார் இருந்தது என்பதே அரைகுறையாகத்தான் தெரியும். அன்று தொடங்கிய வாசிப்பு இந்தக் கட்டுரையில் வந்து நிற்கிறது. நான் போக்குவரத்து நிபுணன் இல்லை, மெடெயினுக்குப் போனதும் இல்லை. ஆனால் பழைய கட்டுரையில் தப்பு எங்கே இருந்தது என்று இப்போது சொல்ல முடியும். சொல்லிவிடுவதுதான் நியாயம்.

முதலில் எந்திரம்

நமக்கு ரோப் கார் என்றால் பழனி. பக்தர்களை மலை மேல் கொண்டுபோய் இறக்கும், திரும்பக் கொண்டுவரும். நகரப் போக்குவரத்துக்குப் பயன்படும் கேபிள் கார் பனிச்சறுக்கு மைதானங்களிலிருந்து வந்தது. மெடெயினில் அமைத்தது போமா என்ற பிரெஞ்சு நிறுவனம், பொலிவியாவின் லா பாஸில் அமைத்தது டோப்பல்மாயர் என்ற ஆஸ்திரிய நிறுவனம். இரண்டுமே ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்காரர்களை மேலே ஏற்றிப் பழகியவை.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரே நீளமான எஃகுக் கயிறு, சைக்கிள் செயின் மாதிரி, இரண்டு முனைகளுக்கும் இடையே நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்டிகள் அந்தக் கயிற்றைக் கவ்வியபடி போகும். நிலையத்துக்குள் வந்ததும் கவ்வி திறந்துகொள்ளும், பெட்டி கயிற்றை விட்டுவிட்டு நடக்கும் வேகத்துக்குக் குறையும், ஆட்கள் ஏறி இறங்குவார்கள், மறுபடி வேகம் பிடித்துக் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். மற்ற பெட்டிகள் எதற்கும் இதனால் தாமதம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு பெட்டியில் 10 பேர். 12 நொடிக்கு ஒரு பெட்டி. அப்படியென்றால் மணிக்கு 300 பெட்டி, ஒரு திசையில் 3,000 பேர். மெடெயினின் முதல் தடமான லைன் கே-யின் கொள்ளளவு ஏறக்குறைய இதுதான். கயிறு நொடிக்கு 5 மீட்டர் போகும், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். ஒரு சைக்கிள்காரர் இறங்குமுகத்தில் இதை முந்திவிடுவார்.

மெட்ரோ ரயில் ஒரு திசையில் மணிக்கு 30,000 பேருக்கு மேல் ஏற்றும். கேபிள் கார் அதில் பத்தில் ஒரு பங்கு. பெரிய பேருந்துகளை நிமிடத்துக்கு ஒன்று விட்டாலே கேபிள் காரை எட்டிவிடலாம். அப்புறம் எதற்கு இது? செங்குத்தான சரிவு, வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, சாலை போட இடமில்லை, இருக்கிற சாலையும் பாம்பு மாதிரி வளைந்து போகிறது என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். கோபுரங்கள் நிற்கும் இடத்துக்கும் நிலையங்களுக்கும் மட்டும் நிலம் போதும். இறங்கும் பெட்டிகளின் எடை ஏறும் பெட்டிகளை இழுக்க உதவுவதால் மின்சாரமும் குறைவு. பெட்டிக்குப் பெட்டி ஓட்டுநர் வேண்டாம்.

குறையும் இதிலேயே இருக்கிறது. கயிறு ஒன்று, அதை இழுக்கும் எந்திரம் ஒன்று. பலத்த காற்று, மின்னல், பழுது எது வந்தாலும் மொத்தத் தடமும் நிற்கும். ஒரு பேருந்து கெட்டால் அடுத்த பேருந்து வரும். இங்கே அந்த வசதி கிடையாது. எங்கள் தொழிலில் இப்படி ஒரு அமைப்பை வரைந்து காட்டினால் மூத்தவர்கள் முதல் கேள்வியே, “இது ஒண்ணு போச்சுன்னா?” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரியோவில் தேவைப்படும்.

மெடெயினில் உண்மையில் நடந்தது

மெடெயின் ஒரு நீளமான பள்ளத்தாக்கு. நடுவே ஆறு, ஆற்றை ஒட்டி 1995-இல் திறந்த மெட்ரோ ரயில். இரண்டு பக்கமும் மலைச்சரிவுகளில், உள்நாட்டுச் சண்டையிலும் வறுமையிலும் கிராமங்களை விட்டு வந்தவர்கள் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகள். மெட்ரோவுக்கு எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. கூட்டம் மேலே இருந்தது, ரயில் கீழே ஓடியது. மேலே இருப்பவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்க்க மெட்ரோ நிறுவனம் கண்ட வழிதான் கேபிள் கார். ஆக, முதல் காரணம் சமூக சேவை இல்லை, பயணிகள் தேவை. இதை நான் பழைய கட்டுரையில் எழுதவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

லைன் கே 2004-இல் திறந்தது. அசெவேதோ மெட்ரோ நிலையத்திலிருந்து சாந்தோ தொமிங்கோ வரை சுமார் 2 கிலோமீட்டர், நான்கு நிலையங்கள், செலவு சுமார் 2.5 கோடி டாலர். மெட்ரோ டிக்கெட்டிலேயே இதிலும் போகலாம், தனிக் கட்டணம் கிடையாது. முன்பு பேருந்துக்கு ஒன்று, மெட்ரோவுக்கு ஒன்று என்று இரண்டு தடவை பணம் கொடுத்த கூலித் தொழிலாளிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கேபிள் கார் வேலையைத் தொடங்கிய மேயர் வேறு, அது திறந்த வருடம் பதவிக்கு வந்த மேயர் வேறு. 2004 முதல் 2007 வரை மேயராக இருந்தவர் செர்ஹியோ ஃபஹார்தோ. கணிதப் பேராசிரியர். கயிறு போகும் பாதைக்குக் கீழே ‘ஒருங்கிணைந்த நகரத் திட்டம்’ என்ற பெயரில் இன்னொரு வேலை நடந்தது அவர் காலத்தில்தான். நிலையங்களைச் சுற்றி நடைபாதை, படிக்கட்டு, சிறு பூங்கா, பள்ளிக்கூடம், சிறுதொழில் செய்பவர்களுக்கு உதவி மையம். ஹுவான் போபோ என்ற ஓடையின் கரையில் ஆபத்தான இடத்தில் இருந்த குடும்பங்களை ஊருக்கு வெளியே தூக்கிப் போடாமல், அதே ஓடைக்கரையிலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்தாலூசியா, லா ஃபிரான்சியா என்று இரண்டு பகுதிகள். நடுவில் ஓடை, இரண்டு பக்கமும் வெவ்வேறு கும்பல்கள், ஒரு பக்கத்து ஆள் மறு பக்கம் போவது உயிருக்கு ஆபத்து. அங்கே ஒரு நடைபாலம் கட்டினார்கள். இந்த வேலைகளுக்கு ஆன மொத்தச் செலவு கேபிள் காருக்கு ஆனதைப் போலப் பல மடங்கு.

வீடியோவில் அந்த நடைபாலம் வராது. கழிவுநீர்க் குழாய் வராது. பெட்டி மட்டும் வரும். பெட்டிதான் அழகாக இருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் வீடியோவில் வராது. மெடெயினில் மின்சாரம், தண்ணீர், எரிவாயு எல்லாம் தரும் ஈ.பி.எம். என்ற நிறுவனம் நகராட்சிக்குச் சொந்தமானது. அதன் லாபத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலுமோ ஆண்டுதோறும் நகராட்சிக்குப் போகிறது. கேபிள் காரைப் பார்த்துவிட்டுப் போன மேயர்கள் தங்கள் ஊரிலும் கயிறு கட்டலாம். இப்படி ஒரு பால்மாடு அவர்கள் வீட்டில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

கொலைகள் குறைந்தது எதனால்?

இது இருப்பதிலேயே கனமான கேள்வி. 1991-இல் மெடெயினில் 6,000 பேருக்கு மேல் கொலை செய்யப்பட்டார்கள். ஒரு லட்சம் பேருக்கு 380 என்ற அளவு. 2007 வாக்கில் அது 40-க்கும் கீழே வந்துவிட்டது. நடுவில் 2004-இல் கேபிள் கார். கோடு போட்டுப் பார்த்தால் கதை தயார். நான் அந்தக் கோட்டைத்தான் போட்டேன்.

நடுவில் வேறு சிலவும் நடந்தன. 1993-இல் பாப்லோ எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்டான். 2002 அக்டோபரில் நகரின் மேற்கே கொமூனா 13 என்ற பகுதியில் ராணுவமும் போலீசும் சேர்ந்து ‘ஒரியோன்’ என்ற பெரிய நடவடிக்கை எடுத்தன. அதன் பிறகு அந்தச் சரிவுகளின் கட்டுப்பாடு துணை ராணுவக் கும்பல்களிடம் போனது. அவற்றின் தலைவன் தோன் பெர்னா. எல்லாக் கும்பலும் ஒரே ஆளுக்குக் கீழ் வந்தால் கும்பல்களுக்குள் சண்டை குறையும், கொலையும் குறையும். அந்த அமைதிக்கு ஊர் மக்கள் அவன் பெயரையே வைத்துக் கிண்டலாக ஒரு சொல் உண்டாக்கினார்கள். 2008-இல் அவனை அமெரிக்காவுக்கு நாடு கடத்தினார்கள். வாரிசுச் சண்டை தொடங்கியது. 2009-இல் கொலைகள் முந்தைய வருடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காயின. அந்த வருடம் முழுக்கக் கேபிள் கார் ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்படியானால் கேபிள் காருக்கும் அமைதிக்கும் தொடர்பே இல்லையா? அவசரப்படக் கூடாது. மாக்தலேனா செர்தாவும் சக ஆய்வாளர்களும் 2012-இல் ஒரு தொற்றுநோயியல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. கேபிள் காரும் மற்ற வேலைகளும் நடந்த 25 பகுதிகளையும், அதே மாதிரி ஏழ்மையில் இருந்தும் எதுவும் நடக்காத 23 பகுதிகளையும் எடுத்துக்கொண்டு 2003-ஐயும் 2008-ஐயும் ஒப்பிட்டார்கள். வேலை நடந்த பகுதிகளில் கொலை விகிதம் மற்ற பகுதிகளைவிட 66 சதவீதம் அதிகமாகக் குறைந்திருந்தது. ஊர் முழுக்கக் கொலை குறைந்தது கும்பல் தலைவனால் என்று சொன்னாலும், பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு நடுவே இருக்கும் இந்த வித்தியாசத்தை அது முழுதாக விளக்காது. எனக்கு மரியாதை வரவைத்த ஆய்வு.

ஆனால் அதை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த 25 பகுதிகளுக்குக் கிடைத்தது கயிறு, நிலையம், பூங்கா, பள்ளி, பாலம், தெருவிளக்கு எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை. எது எவ்வளவு வேலை செய்தது என்று அந்த ஆய்வால் பிரிக்க முடியாது. நாங்கள் ஒரே வெளியீட்டில் பத்து மாற்றங்களை ஏற்றிவிட்டு, தளம் வேகமாகிவிட்டது என்று பார்த்தால், பத்தில் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் விற்பனைப் பிரிவுக்காரராக இருப்பார். இன்னொன்று, ஆய்வு 2008-இல் முடிகிறது. கொலை ஏறியது 2009-இல்.

பீட்டர் பிராண்ட், ஹூலியோ தாவிலா இருவரும் மெடெயினின் கேபிள் கார்கள் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதன் சாரம்: பயண வசதியாகப் பார்த்தால் பலன் ஓரளவுதான், காலையில் லைன் கே-யில் நீண்ட வரிசை நின்றது, நகரத்தின் மொத்தப் பயணங்களில் அதன் பங்கு சிறியது. ஆனால் ‘நாமும் இந்த நகரத்தில் சேர்த்திதான்’ என்ற உணர்வை அது மேலே இருந்தவர்களுக்குக் கொடுத்தது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது விலாசத்தைப் பார்த்தே ஒதுக்கப்பட்டவர்களுக்கு, நகரத்திலேயே புதிதான, சுத்தமான ஒன்று தங்கள் தெருவுக்கு வந்தது என்பதற்கு மதிப்பு உண்டு. மதிப்பு உண்டு என்று சொல்வதும், கயிறு கட்டினால் கொலை குறையும் என்று சொல்வதும் வேறு வேறு.

அந்த மதிப்பும் தானாக நிலைக்காது. சாந்தோ தொமிங்கோ நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று கருங்கல் பாறைகள் மாதிரி ஒரு நூலகம். கட்டடக் கலைஞர் ஜான்கார்லோ மஸாந்தி வடிவமைத்தது. 2007-இல் ஸ்பெயின் மன்னர் வந்திருந்த விழாவில் திறந்தார்கள். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. என் பழைய கட்டுரையின் முகப்புப் படமும் அதுதான். நான் அந்தப் படத்தைப் போட்டபோது அந்த நூலகம் பூட்டிக் கிடந்தது. கட்டுமானக் குறைகளால் 2015-இல் மூடியவர்கள் பல வருடங்கள் திறக்கவே இல்லை. மூடிய நூலகத்தின் படத்தைப் போட்டு “கல்வியால் மாறிய ஊர்” என்று எழுதியிருக்கிறேன். இப்போது படிக்கும்போது காது சூடாகிறது.

கொமூனா 13-க்கு இன்று சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். 2011-இல் அங்கே வைத்த திறந்தவெளி நகரும் படிக்கட்டுகளில் ஏறி, சுவரோவியங்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே பகுதியில் லா எஸ்கோம்ப்ரேரா என்று கட்டட இடிபாடுகளைக் கொட்டும் மேடு ஒன்று இருக்கிறது. ஒரியோன் சமயத்தில் காணாமல் போனவர்களை அங்கேதான் புதைத்தார்கள் என்று அவர்களின் தாய்மார்கள் இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2024 டிசம்பரில் அங்கே முதன்முதலாக மனித எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். ‘அற்புத நகரம்’ என்ற கதையைச் சொல்லும்போது நாம் யார் வாயை மூடுகிறோம் என்று அன்றிரவு யோசித்தேன். அந்தத் தாய்மார்களுக்கு என் இருபது நிமிட உரையில் ஒரு நொடி கூட இல்லை.

ரியோவில் ஏன் சரியாகவில்லை?

இப்போது நண்பனின் கேள்வி. ரியோ டி ஜெனிரோவின் வடக்கே அலெமாவ் என்று குன்றுகள் மேல் பரந்த குடியிருப்புகள். மெடெயினைப் பார்த்துவிட்டு வந்துதான் இங்கே திட்டம் போட்டார்கள். 2010 நவம்பரில் ராணுவம் உள்ளே புகுந்தது. 2011 ஜூலையில் அதிபர் தில்மா ரூசெஃப் கேபிள் காரைத் திறந்து வைத்தார். 3.5 கிலோமீட்டர், 6 நிலையங்கள், 152 பெட்டிகள், செலவு சுமார் 21 கோடி ரியால். புறநகர் ரயில் நிலையத்தோடு இணைப்பு உண்டு. அங்கே வசிப்பவர்களுக்குத் தினமும் ஒரு போக வர இலவசம். தாளில் பார்த்தால் மெடெயினைவிடத் தாராளம்.

எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. காரணம் வரைபடத்தைப் பார்த்தாலே புரிகிறது. நிலையங்கள் குன்றுகளின் உச்சியில். மக்கள் வசிப்பதோ சரிவுகளிலும் அடிவாரத்திலும். ஊருக்குள் போக வேண்டுமென்றால் கீழே இருப்பவர் முதலில் மேலே ஏற வேண்டும். அதற்குப் பதில் மோட்டார் பைக் டாக்சியில் உட்கார்ந்தால் நேராகக் கீழே கொண்டுபோய் விட்டுவிடுவான். உச்சியில் கட்டியது எந்திரத்துக்கு வசதி, பார்க்க வருபவர்களுக்கு அழகு. அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டிருந்தால் வேறு இடம் காட்டியிருப்பார்கள். ரியோவின் இன்னொரு பெரிய குடியிருப்பான ரோசின்யாவில் கேபிள் கார் திட்டம் வந்தபோது மக்கள் தெருவில் இறங்கி, முதலில் சாக்கடை வசதி செய்யுங்கள் என்று கேட்டார்கள்.

2016-இல் ஒலிம்பிக் முடிந்த சில வாரங்களில் அலெமாவ் கேபிள் கார் நின்றது. முதலில் பராமரிப்பு என்றார்கள். உண்மையில் மாநில அரசு திவாலாகும் நிலையில் இருந்தது, நடத்தும் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகவில்லை. பிறகு வருடக் கணக்கில் ஓடவில்லை. பெட்டிகள் துருப்பிடித்தன, நிலையங்களிலிருந்து சாமான்கள் திருடு போயின. நிலையங்களுக்காக வீட்டை இழந்தவர்களுக்கு வீடும் போயிற்று, வண்டியும் போயிற்று.

இதைப் படித்தபோது எனக்குச் சொந்த ஞாபகம் ஒன்று வந்தது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு அலுவலகத்துக்கு (பெயர் வேண்டாம்) நாங்கள் ஒரு மென்பொருள் செய்து கொடுத்தோம். திறப்பு விழாவில் குத்துவிளக்கு, பொன்னாடை, பத்திரிகைப் படம். ஒரு வருடம் நன்றாக ஓடியது. ஏ.எம்.சி. புதுப்பிக்கவில்லை. விழாவுக்குப் பணம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்குப் பராமரிப்புக்கு ஒதுக்கத் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். மறுபடி பேரேட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சர்வர் மூலையில் துணி போர்த்தி நின்றது, மேலே ஒரு சொம்பு. அங்கே போனது எங்கள் உழைப்பு மட்டும்தான். அலெமாவில் போனது மனிதர்களின் வீடுகள்.

பராமரிப்பில் பேர் வாங்கிய மெடெயினிலேயே, 2024 ஜூனில் லைன் கே-யில் ஒரு பெட்டி கயிற்றிலிருந்து விழுந்து ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். இருபது வருடம் தினமும் ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிய தடம் அது. கேபிள் கார் ஆபத்தானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டி முடித்ததும் வேலை முடிந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரியாக அமைந்த இடமும் உண்டு

எல்லாவற்றையும் குறை சொல்லிவிட்டுப் போனால் நண்பன் விடமாட்டான். லா பாஸைப் பார்க்கலாம். பள்ளத்துக்குள் லா பாஸ், 3,600 மீட்டர் உயரத்தில். விளிம்பில் 4,000 மீட்டருக்கு மேல் எல் ஆல்டோ, பெரும்பாலும் ஐமாரா பழங்குடி மக்கள் வாழும் நகரம். தினமும் லட்சக்கணக்கானவர்கள் மினிபஸ்களில் வளைந்து வளைந்து இறங்கி, மாலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். 2014 மே மாதம் முதல் தடம் திறந்தது. 2019-க்குள் 10 தடங்கள், மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். முதல் மூன்று தடங்களுக்குக் கொடியின் நிறங்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சை. நிலையங்களுக்கு ஐமாரா மொழியிலும் பெயர். தொடங்கியபோது கட்டணம் 3 பொலிவியானோ.

இங்கே கேபிள் கார் மெட்ரோவுக்குத் துணை வண்டி இல்லை. அதுதான் மெட்ரோ. ஒரு தடத்துக்கு மணிக்கு 3,000 பேர் என்றாலும், பத்துத் தடம் ஒன்றோடொன்று இணையும்போது வலையாகிவிடுகிறது. நிலவியலும் அதற்கு ஒத்துழைக்கிறது. அந்தச் செங்குத்தில் சுரங்கம் தோண்டுவதும் ரயில் விடுவதும் நடக்கிற காரியம் இல்லை. எல் ஆல்டோக்காரர்கள் பணக்காரத் தெற்குப் பகுதி வரை சுலபமாக வந்துபோகத் தொடங்கியபோது, “இவங்க எல்லாம் இங்க வர்றாங்களா” என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அந்த முகச்சுளிப்பே கேபிள் கார் எதையோ உடைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கேயும் பராமரிப்பு, கடன் இரண்டும் பொலிவியாவின் பொருளாதாரத்தோடு சேர்ந்துதான் ஏறி இறங்கும்.

நேர் எதிர் உதாரணம் லண்டன். 2012 ஒலிம்பிக்குக்கு முன்னால் தேம்ஸ் நதிக்கு மேலே சுமார் 6 கோடி பவுண்டு செலவில் ஒரு கேபிள் கார். சமதளம். பக்கத்திலேயே நதிக்கு அடியில் சுரங்க ரயில் ஓடுகிறது. வழக்கமான பயண அட்டைக்குள் அடங்காத தனிக் கட்டணம். விமான நிறுவனம் ஒன்றின் பெயரைச் சூட்டிக்கொண்டு, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. யாருக்கும் கெடுதல் இல்லை. அதைப் பொதுப் போக்குவரத்து என்று சொன்னதுதான் வேடிக்கை.

இனி நான் கேட்கப்போகும் கேள்விகள்

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. மத்திய அரசு ‘பர்வத்மாலா’ என்ற பெயரில் ரோப்வே திட்டங்களை எடுத்திருக்கிறது. வாரணாசியில் ரயில் நிலையத்திலிருந்து கோதௌலியா வரை, 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துக்கு, நகரப் போக்குவரத்துக்கென்றே ஒரு ரோப்வேக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். வாரணாசி மலை இல்லை, நெரிசலான சமதளம். மேலே போட்ட 3,000 பேர் கணக்கு அங்கே எப்படி வரும் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன். நன்றாக வந்தால் அதையும் எழுதுவேன்.

எந்த ஊரில் யார் கயிறு கட்டுவதாகச் சொன்னாலும் இனி நான் கேட்கப்போவது நான்கு கேள்விகள். அந்தச் சரிவில் பேருந்தால் முடியாதது எதை இது செய்யப்போகிறது? கட்டணம் மற்ற வண்டிகளோடு சேர்ந்ததா, தனியா? நிலையம் எங்கே வர வேண்டும் என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டார்களா, அவர்களில் யாருடைய வீடு போகிறது? பத்தாவது வருடப் பராமரிப்புக்குப் பணம் யார் கணக்கிலிருந்து வரும்? முதல் கேள்வியில் லண்டன் தோற்கும். மூன்றிலும் நான்கிலும் அலெமாவ் தோற்கும். மெடெயினின் லைன் கே நான்கிலும் தேறும். அது தேறியதற்குக் காரணமானவர்கள் படிக்கட்டுக்குக் கைப்பிடி வைத்தவர்களும், ஓடைக்கரையில் வீடு வீடாகப் போய்ப் பேசியவர்களும். கயிற்றுக்குக் கிடைத்த கைதட்டலில் பாதிக்கு மேல் அவர்களுடையது.

பழைய கட்டுரையை நான் அழிக்கப்போவதில்லை. தப்பு எப்படி நடந்தது என்று தெரிய அது இருக்கட்டும். முகப்பில் இருந்த நூலகப் படத்தை மட்டும் எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் அந்தாலூசியாவுக்கும் லா ஃபிரான்சியாவுக்கும் நடுவே இருக்கும் நடைபாலத்தின் படத்தைப் போடலாம் என்று தேடினேன். கேபிள் காருக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் வருகின்றன. பாலத்துக்கு நல்ல படமாக ஒன்று கிடைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

நண்பனுக்கு இதை அனுப்பினேன். “நீளமா இருக்கு, ஞாயித்துக்கிழமை படிக்கிறேன்” என்றான்.